மூன்றாம் மாடித் தேநீர் அறை

மகன் வீடு வாங்கியிருக்கிறான் என்று கேட்டதும் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. எந்தக் கட்டடத்தில் என்று தெரிந்ததும் அதே வயிற்றில் புளியைக் கரைத்தது.

கடைவீதி முனையில் நின்ற அந்த நாலு மாடிக் கடையை அறியாதவர்கள் கிடையாது. கீழே துணிமணி, மேலே செருப்பும் பொம்மையும், மூன்றாம் மாடியில் வசதியானவர்கள் கால் ஓய்ந்து உட்காரும் தேநீர் அறை. கடை நொடித்தபின் கொஞ்ச காலம் அட்டைப்பெட்டிக் கிடங்கு. அப்புறம் பூட்டும் புறாக்களும்தான். இப்போது தளத்துக்குத் தளம் குறுக்குச் சுவர் எழுப்பி, வீடுகளாக விற்கிறார்கள். புருஷன் போய்ச் சேர்ந்து, பள்ளிக்கூட வயதுகூட வராத மகனோடு தனித்து நின்றபோது அவள் வேலை பார்த்த இடம் அது.

பார்ப்பவர்களிடமெல்லாம் மகனுக்கு இதே பேச்சு. "எங்கம்மா இங்க சேல்ஸ்ல இருந்தாங்க. சனிக்கிழமையானா மாடியிலேர்ந்து கேக் வாங்கிட்டு வருவாங்க. எங்க தெருவுல வேற எந்தப் பிள்ளை அதைக் கண்டுச்சு? அம்மாவை ஒருநாள் இங்கயே குடி வைக்கணும்னு அப்பவே நினைச்சேன்."

அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்ப்பாள்.

சாவி வாங்கப் போன அன்று, வீடுகளை விற்கும் பெண் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தாள். "அம்மா, வாசல் சுவர்ல இந்தக் கட்டடத்தோட கதையை எழுதி மாட்டப் போறோம். உங்க போட்டோவும் வருது. 'விற்பனைப் பிரிவில் பணியாற்றியவர்'னு போட்டுடலாமா?"

"தாராளமா போடுங்க!" என்று மகன் முந்திக்கொண்டான்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. வீட்டுக்குள் கிடந்த பொய் சுவரேறப் போகிறது. "மேல வாடா, பேசணும்" என்றாள்.

அவர்கள் வாங்கிய வீட்டின் கூடம் அந்தத் தேநீர் அறையின் ஜன்னலோரம்தான். பெயின்ட் வாடை மூக்கைத் துளைத்தது.

"நான் சேல்ஸ்ல இல்லடா. இங்க மேஜை துடைச்சேன். தட்டு எடுத்தேன்."

அவன் சிரித்துவிட்டான். "அட, இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்த? அதுல என்னம்மா இருக்கு?"

"கேக் நான் வாங்கினதில்ல." என்றாள். "தட்டுல மிச்சம் வச்சுட்டுப் போவாங்க. கடிச்ச பக்கத்தைக் கத்தியால சீவிட்டு, காகிதத்துல சுத்தி எடுத்துட்டு வருவேன்."

சிரிப்பு நின்றது. "எச்சிலா?"

அந்த ஒரு சொல்லில் அவள் கூனிக் குறுகிப் போனாள்.

"நீ சாப்பிட்டிருக்கியா அதை?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "இல்லடா. எனக்கு மனசு வரல."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கினான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் தொடக் கூசியதைப் பெற்ற பிள்ளைக்கு ஊட்டி, அவன் சப்புக்கொட்டியதைப் பார்த்துப் பூரித்தோமே என்பதுதான் அவளைப் போட்டு அறுத்தது.

கீழே மகன் அந்தப் பெண்ணிடம் மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். "போட்டோ வேணாங்க. அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது." அவள் வந்து நின்றும் அவன் திரும்பவில்லை.

"போடும்மா" என்றாள் அவள். "தேநீர் அறையில மேஜை துடைச்சவங்கன்னு எழுது." முகம் எரிந்தது. அந்தப் பெண்ணோ, "அப்படியா! மேஜையெல்லாம் எப்படிம்மா போட்டிருந்தாங்க?" என்று ஆவலாகக் கேட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

மருமகளும் வேலைக்குப் போகும் பேத்தியுமாக எல்லாரும் குடிவந்த பிறகு, மகன் அவளிடம் எண்ணி எண்ணித்தான் பேசினான். ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்தவன், சட்டைகூட மாற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இங்க வேலைக்கு வந்தப்ப உனக்கு என்ன வயசும்மா?"

"இருபத்திரண்டு இருக்கும்."

"அப்ப நீ நம்ம பொண்ணைவிடச் சின்னவ" என்றான்.

அவளுக்குத் தலை நிமிரவில்லை. ஆனாலும் அவன் எழுந்து போகவில்லை.