பக்கத்து வீட்டுக் கடற்கரை

கள்ளக்குறிச்சியிலிருந்து கடலுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஐம்பது வயதுக்குள் நான் கடலைப் பார்த்ததே மூன்று முறைதான், மூன்றும் மாசி மகத்துக்கு. அப்படிப்பட்ட ஊரில் பக்கத்து வீட்டு ஜுல்பிகர் தன் வாசலில் கடற்கரை போட ஆரம்பித்தால் நான் சந்தேகப்படாமல் என்ன செய்வேன்? நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் பச்சமுத்து. பத்திர எழுத்தர். ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே புளியமரத்தடியில் இருபத்திரண்டு வருஷமாக மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தம்பியை அண்ணன் ஏமாற்றியதையும், மச்சானை மாமன் ஏமாற்றியதையும், செத்தவன் கைநாட்டு வைத்ததையும் கண்ணால் பார்த்தவன். எவன் சிரித்துக்கொண்டு வந்தாலும் இவன் எதை மறைக்கிறான் என்றுதான் என் புத்தி போகும். எழுதி முடித்த தாளின் அடியில் ‘எழுதியது: ப. பச்சமுத்து, பத்திர எழுத்தர், உரிமம் எண் 41, கள்ளக்குறிச்சி’ என்று போட்டாக வேண்டும், அது சட்டம். கை பழகிப்போய் ஒருதரம் மளிகைச் சாமான் லிஸ்டின் அடியிலும் போட்டுவிட்டேன். என் மனைவி சாலம்மாள் அதைத் தெரு முழுக்கக் காட்டிச் சிரித்தாள்.

ஜுல்பிகருக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் விற்கிற கடை. வயது முப்பது இருக்கும். பரங்கிப்பேட்டையில் பெண் எடுத்தான். அந்தப் பெண் மஹ்ஜபீன் கடலைப் பார்த்தே வளர்ந்தவள். இங்கே மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை, மற்ற பக்கமெல்லாம் கரும்பு. ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். “மூச்சு முட்டுதுக்கா இந்த ஊர்ல” என்று சாலம்மாளிடம் சொல்லி அழுவாளாம். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனவள், பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடிந்தும் வரவில்லை. வருவாளா மாட்டாளா என்பதுதான் எங்கள் தெருவில் பேச்சு. ஜுல்பிகர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவன் திறந்திருந்தால் எனக்கு இந்த அவமானம் வந்திருக்காது.

இந்த எண்பத்தேழாம் வருஷம் ஆவணியில்தான் அது ஆரம்பித்தது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடேறிக்கொண்டிருந்தது. புரட்டாசி பிறந்ததும் ஒரு வாரம் சாலை மறியல் என்று சுவரெல்லாம் எழுதிவிட்டார்கள். கடைக்காரர்கள் அரிசி பருப்பைப் பதுக்கினார்கள், பஸ்காரர்கள் கண்ணாடிக்குக் கம்பி வலை அடித்தார்கள். ஊரே இப்படிப் பயந்துகொண்டிருக்கும்போது ஜுல்பிகர் வீட்டு வாசலில் லாரி வந்து நின்று பன்னிரண்டு மூட்டை கிளிஞ்சல் இறக்கியது.

கிளிஞ்சல் காளவாய்க்குப் போகும், சுட்டால் சுண்ணாம்பு ஆகும். அவன் தொழிலே அதுதான். இவன் என்ன செய்தான் என்றால், ஒவ்வொன்றாகக் கழுவி, தேய்த்து, வெயிலில் காயவைத்துப் பெரிசு சிறிசு பிரித்தான். கோமுகி ஆற்றிலிருந்து இரண்டு மாட்டு வண்டி மணல் வந்தது. வாசலில் இருந்த செம்பருத்தியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மணலைக் கொட்டினான். சுற்றுச்சுவருக்கு நீல பெயிண்ட் அடித்தான்.

“இன்னா ஜுல்பிகர் இது? நீலம் எந்தக் கட்சிக் கொடி?” என்று கேட்டேன்.

“கட்சியும் இல்ல ஒண்ணுமில்லண்ணே, சும்மா” என்றான்.

“சும்மா எவனாச்சும் பன்னெண்டு மூட்டை எறக்குவானா?”

“சும்மாதாண்ணே.” தலையைக் குனிந்துகொண்டு கழுவினான்.

சும்மாவாம்! அன்று முதல் எங்கள் வீட்டு முன்ஜன்னலில் ஒரு கதவைச் சாத்தி ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் மணலைச் சரித்து மேடு கட்டினான், அலை மாதிரி வளைத்து வளைத்துக் கிளிஞ்சலைப் பதித்தான். வெள்ளை ஒரு வரிசை, ஊதா ஒரு வரிசை. நடுவில் பெரிய சங்கு ஒன்றை வைத்தான். அதன் வாய் எங்கள் வீட்டைப் பார்த்து இருந்தது.

“பாத்தியா சாலம்மா? சங்கை நம்ம வூட்டுப் பக்கமா திருப்பி வெச்சிருக்கான். சங்கு எதுக்கு ஊதுவாங்கன்னு அவனுக்குத் தெரியாதா?”

“பொண்டாட்டிக்காக இருக்கும்ங்க. அவதான் கடலு கடலுன்னு உயிரை வுட்டாளே.”

“போடி இவளே. பொண்டாட்டிக்காக எவனாவது வாசல்ல மண்ணைக் கொட்டுவானா? கடற்கரைலருந்து சரக்கு வருது. தங்கமோ கடிகாரமோ, மணலுக்கு அடியில இருக்குது. மேல கிளிஞ்சல் ஒரு கண்துடைப்பு.”

“நீங்க எனக்குன்னு ஒரு பூச்செடி வெச்சிருந்தா ஒங்களுக்கு இது புரியும்” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது.

மறியல் தொடங்கியது. சேலம் ரோட்டில் பாலத்துக்குப் பாலம் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை, பேப்பர் இல்லை. துப்பாக்கிச் சூடு என்று ரேடியோவில் சொன்னார்கள். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஒரு ஈ காக்காய் வரவில்லை. வேலையில்லாத எனக்கு ஜன்னல்தான் கதி.

இரண்டாம் நாள் காலை ஜுல்பிகர் மணலைத் தோண்டி, கறுப்பாக நீளமாக ஒன்றைப் புதைத்தான். சுவரோரமாக ஓட்டி, மேட்டைச் சுற்றி வளைத்து, தெரு வரைக்கும் கொண்டுவந்தான். அதன்மேல் மணலைப் போட்டு மூடிக் கையால் தடவினான். நிமிர்ந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். ஒயர்! மறியல் நேரத்தில் தெருவுக்கு ஒயர் இழுக்கிறான் என்றால், வெடி வைக்கிறான் என்றுதானே அர்த்தம்?

கேட்டிருக்கலாம். சுவர் தாண்டினால் அவன் வீடு. ஆனால் நான் எழுத்துக்காரன், என் கைக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து மொட்டைக் கடிதாசி எழுதினேன். ஊரே என் கையெழுத்தை அறியும் என்பதால் இடது கையில் பேனாவைப் பிடித்து, கோழி கிளறிய மாதிரி எழுதினேன். ‘உயர்திரு இன்ஸ்பெக்டர் அவர்கள் சமூகத்துக்கு. மேற்படி இடத்தில் கறுப்பு ஒயர் போன்ற பொருள் பூமிக்கடியில் புதைக்கப்பட்டுள்ளது. அதன்மேல் கிளிஞ்சல் பதித்து மறைக்கப்பட்டுள்ளது. நான்கெல்லை பின்வருமாறு’ என்று வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எல்லாம் பிசகில்லாமல் கொடுத்து முடித்து மடித்தேன். ரோந்து வந்த அரங்கநாதன் என்கிற காவலரின் சைக்கிள் கூடையில், அவர் டீக் குடிக்கும் நேரம் பார்த்துப் போட்டுவிட்டு வந்தேன். ஊரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

பிற்பகல் ஜீப் வந்தது. ஆறு பேர் கடப்பாரை மண்வெட்டியோடு இறங்கினார்கள். தெரு முழுக்கக் கூடிவிட்டது. முதல் மண்வெட்டி வெள்ளை வரிசையில் விழுந்தது. கிளிஞ்சல் உடையும் சத்தம் அப்பளம் நொறுங்கும் சத்தம் மாதிரி இருந்தது. ஜுல்பிகர் “சார், மெதுவா சார், மெதுவா” என்று மண்வெட்டிக்கு மண்வெட்டி கூடவே ஓடினான். முழங்கால் ஆழம் தோண்டினார்கள். தங்கம் இல்லை. கடிகாரம் இல்லை. கறுப்பாக ஒன்று வந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பிடித்து இழுத்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் டியூப். சாணுக்குச் சாண் ஊசியால் ஓட்டை போட்டிருந்தது.

“இன்னாடா இது?”

ஜுல்பிகர் போய்க் குழாயைத் திறந்தான். டியூபின் ஓட்டையிலெல்லாம் தண்ணீர் கசிந்தது. தோண்டாமல் விட்டிருந்த ஒரு மூலையில் மணல் மட்டும் மெல்ல ஈரமானது, அலை வந்து போன கரை மாதிரி.

“எம்பொண்டாட்டிக்கு சார்” என்றான். “வாசல்ல கடல் இருந்தா வரேன்னு சொன்னா. கோவத்துலதான் சொன்னா. எனக்கு வேற வழி தெரியல.”

தெருவே சிரித்தது. ஒருத்தன் விசில் அடித்தான். ஜுல்பிகரின் முகம் சுருங்கிப்போனது. இதற்குப் பயந்துதான் அவன் எல்லாரிடமும் ‘சும்மா’ என்று சொல்லியிருக்கிறான். ஜன்னலுக்குப் பின்னால் நான் நின்றேன். எனக்குப் பின்னால் சாலம்மாள் நின்றாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

விசாரிக்க வேண்டும் என்று அவனைக் கூட்டிப்போய் இருட்டுவதற்குள் அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க அவன் வாசலைக் கூட்டவில்லை. மணல் குழியும் மேடுமாக, உடைந்த கிளிஞ்சல் தெரு வரைக்கும் சிதறிக் கிடந்தது. நான் முன்ஜன்னலின் இரண்டு கதவையும் சாத்திவிட்டேன். எழுதியவன் யார் என்று எப்படித் தெரியும், இடது கை கோணல் எழுத்துதானே என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

மறியல் முடிந்து மரங்களை இழுத்து ஓரம்போட்ட மறுநாள், புளியமரத்தடியில் ஜுல்பிகர் வந்து எதிரே உட்கார்ந்தான். மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

“ஒரு லெட்டர் எழுதணும்ண்ணே. பரங்கிப்பேட்டைக்கு.”

“ஒனக்குத்தான் எழுதத் தெரியுமே ஜுல்பிகர்.”

“நான் எழுதினா அவ நம்ப மாட்டா. போட்டேன், அழிஞ்சிபோச்சின்னு சொன்னா, போடவே இல்ல, சாக்கு சொல்றான்னுதான் நெனப்பா. பத்திரக்காரர் எழுதினா நம்புவா. உள்ளதை உள்ளபடி எழுதுங்க.”

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். வலது கையால்தான். எத்தனை மூட்டை கிளிஞ்சல், எந்த வரிசை என்ன நிறம், டியூபில் எத்தனை ஓட்டை, எல்லாம் சொன்னான். போலீஸ் வந்து தோண்டியதைச் சொன்னான். “யாரோ மொட்டைக் கடிதாசி போட்டுட்டாங்கன்னு எழுதுங்க” என்றான். எழுதினேன். “புள்ளையைத் தூக்கிக்கினு வந்து பாரு. புடிக்கலன்னா அன்னிக்கே திரும்பிடு. நான் தடுக்க மாட்டேன். அவ்ளோதாண்ணே.”

தாளை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் வாங்கவில்லை.

“கீழ ஒங்க பேரும் நம்பரும் போடலியே?”

“இது சும்மா லெட்டர்தானே...”

“சும்மா லெட்டர்லயும் நீங்க போடுவீங்களேண்ணே.”

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தான். இடது கை எழுத்து. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. அதற்கடியில், அதே கோணல்மாணலாக, ‘எழுதியது: ப. பச்சமுத்து, பத்திர எழுத்தர், உரிமம் எண் 41, கள்ளக்குறிச்சி.’

அட பாவி கையே! இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வலதை ஏமாற்றி இடதுக்குப் போனாலும் கூடவே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே அவனிடம் கொடுத்தாராம். ஆறு நாளாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் வீட்டைத் தாண்டிப் போய்வந்திருக்கிறான், ஒரு வார்த்தை கேட்காமல்.

“ஜுல்பிகர்...”

“போடுங்கண்ணே.”

‘யாரோ’ என்ற சொல்லை அடித்தேன். அதன்மேல் ‘நான்’ என்று எழுதினேன். அடியில் பெயரும் நம்பரும் போட்டேன். அவன் மடித்து எடுத்துக்கொண்டு போனான். ஆறு நாளாக வராத அழுகை எனக்கு அந்தப் புளியமரத்தடியில் வந்தது.

எட்டாம் நாள் தபால் கார்டு வந்தது. ஜுல்பிகருக்கு இல்லை. எனக்கு, உரிமம் எண் 41 என்று விலாசம் போட்டே வந்தது.

‘பச்சமுத்து அண்ணன் அவர்களுக்கு. வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மகளோடு வருகிறேன். அதற்குள் கடற்கரையை இருந்தபடி நீங்களே போட்டு வைக்கவும். வெள்ளை ஒரு வரிசை, ஊதா ஒரு வரிசை. இல்லையென்றால் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன். மஹ்ஜபீன்.’

சாலம்மாள் வாங்கிப் படித்துவிட்டு, இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினாள். “வேட்டியை மடிச்சிக் கட்டிக்கினு போங்க” என்றாள்.

இப்போது வியாழக்கிழமை சாயந்திரம். நாலு நாளாக முட்டி போட்டு மணலில் இருக்கிறேன். மண்வெட்டியும் சல்லடையும் கொண்டு குழியைத் தூர்த்தேன், டியூபை ஓட்டிப் புதைத்தேன், உடையாத கிளிஞ்சலாகப் பொறுக்கிப் பதித்துக்கொண்டிருக்கிறேன். இடுப்பு முறிகிறது. தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாளைக் காலை அந்தப் பெண் கேட்டுக்குள் காலை வைக்க வேண்டும், எனக்கு அது போதும்.

ஜுல்பிகர் கடையைக்கூடத் திறக்காமல் படியில் உட்கார்ந்து, நான் பதிக்கிற ஒவ்வொரு கிளிஞ்சலையும், நான் கையை வைக்கிற ஒவ்வொரு இடத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் என்னால் தாங்க முடியவில்லை.

“இன்னா ஜுல்பிகர், இன்னும் எம்மேல சந்தேகமா?”

“ஆமாண்ணே” என்றான். கண்ணை எடுக்கவே இல்லை.