தோளில் தட்டும் எறும்பு

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற பெரிய வண்டி ஓட்டுகிற எவனும் தொழிலை முழுசாகச் சொல்லிக்கொடுத்தது கிடையாது. கற்க வருகிறவன் சீட்டுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நிற்பான். என்ஜின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. தனக்குப் புரிந்தால் ஓட்டுகிறவனின் தோளில் அவன் தட்டுவான், அப்புறம்தான் அடுத்த வேலை. கடல்காற்று அடிக்கும்போது மேலடுக்கில் பெட்டியை எப்படி உட்கார வைப்பது என்பதை மட்டும் மறைத்துவிடுவார்கள். அதுதான் அவர்கள் சோறு.

அங்கே வண்டி ஓட்டிய நெல்சனும் மறைக்கத்தான் நினைத்தான். கெடுத்தது அவன் மனைவி ஐரீன்.

சொற்பச் சம்பளத்துக்குக் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறவள், வாய் சும்மா இருக்குமா? காண்டிராக்டில் வந்த ஷிபின் தோளில் தட்டித் தட்டித் தொழில் கற்பதை நெல்சன் சாப்பிடும்போது சொல்லப்போக, அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டெறும்பில் ஒரு வகை இதையேதான் செய்கிறதாம். புதுப் புற்றுக்குத் தனியாகப் போனால் விறுவிறுவென்று போய்விடும். வழி தெரியாததைக் கூட்டிப்போனால் நடையைத் தளர்த்தும். பின்னால் வருவது உணர்கொம்பால் தட்டினால்தான் மேலே நகரும். தனக்கு நஷ்டமானாலும் அடுத்ததற்காக நிதானிப்பதுதான் கற்பித்தல், எறும்புக்கு இருக்கிற பெரிய மனசு உங்களுக்கு இல்லையா என்று ஒரு பிடி பிடித்தாள். குடும்பம் அவன் வண்டியில்தான் ஓடுகிறது என்பது அப்போது அவள் புத்தியில் உறைக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஷிபினுக்கு எல்லாவற்றையும் காட்டினான் நெல்சன், மேலடுக்கு வித்தை உட்பட. ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தத் தட்டுக்காகக் காத்திருந்தான்.

கோடை முடிவதற்குள் மேனேஜர் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் நெல்சனின் வேகம் குறைந்திருந்தது. கற்றுக்கொடுத்ததால் வந்த தாமதம் என்றான். அதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது என்றார். அவனை வேலையிலிருந்து நிறுத்தி, வண்டிச் சாவியைப் பாதிச் சம்பளத்துக்கு ஷிபினிடம் கொடுத்தார்கள். அந்தப் பாவி இவன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஐரீனிடம் சொன்னான். மேனேஜரைக் கட்டையில் போறவன் என்று திட்டினாள். என் வாயாலேயே கெடுத்தேனே என்று அழுதாள். நெல்சன் சண்டை போடவில்லை; போட்டிருந்தால் தேவலை. சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவன் மெதுவாகக் கேட்டான்.

"அந்த எறும்புங்க கடைசில எங்க போவுது?"

"புதுப் புத்துக்கு."

"ரெண்டுமேவா? வழி காட்டினதும் சேர்ந்தா?"

அவள் தலையாட்டினாள்.

"அத்த ஏன் அன்னிக்கே சொல்லல, ஐரீனு?"