பாவா ரம்பம் வாங்க வந்தார்

பதினோரு வருடமாக என் கடை வாசலை மிதிக்காத மனிதர், போன செவ்வாய்க்கிழமை காலை உள்ளே வந்து, என்னைத் திரும்பியும் பார்க்காமல் என் மனைவியிடம், "ரம்பம் இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

வந்தவர் சடகோபன். என் மனைவி அம்சாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். என் அக்காவைக் கட்டியவர். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். அதற்கெல்லாம் முன்னாலேயே என் மாமன் மகன். எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து 'பாவா'. திருத்தணியில் என் ஹார்டுவேர் கடைக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. ஆனாலும் ஓர் ஆணி வேண்டுமென்றால்கூட ரயில் ஏறி அரக்கோணம் போய் வாங்கி வருவார். அவ்வளவு ரோஷம். எனக்கு மட்டும் ரோஷம் கிடையாதா? அவர் தெரு வழியாகப் போனால் ஸ்டேஷன் ஐந்து நிமிடம். நான் ஊரைச் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் நடப்பேன்.

சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் என் பெயர் இல்லை. ஒன்றுவிட்ட சித்தப்பா பிள்ளைகள் பெயரெல்லாம் இருந்தது, கூடப்பிறந்தவன் மாதிரி வளர்ந்த என் பெயர் இல்லை. கேட்டதற்கு, "பேருல இன்னாடா கஜபதி இருக்குது?" என்றார். "ஒண்ணும் இல்லன்னா போட்டிருக்கலாமே" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது என் மகள் மோகனப்ரியாவுக்கு மலைமேல் கல்யாணம். இருபது நாள்தான் பாக்கி. ஊர் முழுக்க அழைத்தாகிவிட்டது, பெண்ணின் தாய்மாமன் ஒருவரைத் தவிர. "எங்கண்ணன் வராத மேடையில நான் ஏற மாட்டேன்" என்று அம்சா ஒரு மாதமாகச் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துகொண்டிருந்தாள். தப்புச் செய்தவர் முதலில் பேசட்டும் என்பது என் கட்சி. மோகனா மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த மனிதர்தான் ரம்பம் கேட்டு வந்து நிற்கிறார்.

"அம்சா, எதை அறுக்கணுமாம்னு கேளு. பலகையா, மரக்கிளையா, பைப்பா? ஒண்ணொண்ணுக்கு ஒரு ரம்பம்" என்றேன்.

அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கல்லாப்பெட்டிதான் இருந்தது. நான் சொன்னது அவர் காதில் நன்றாகவே விழுந்தது.

"பலகைன்னு சொல்லும்மா" என்றார்.

"பலகையாங்க" என்றாள் அம்சா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

பாவா சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் என்னிடம் நீட்டினாள். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டில் ஓடுகிற ரம்பம், கரண்டில் ஓடுகிற இழைப்புளி, உளியில் பன்னிரண்டு கொண்ட செட், சுத்தியல் மூன்று தினுசு. ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ரிடையர் ஆன மனிதர்! முப்பது வருடமாக இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாகத் தச்சு வேலையில் இறங்குகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான். நாலு வீடியோ பார்த்துவிட்டுக் கடையையே தூக்கிப்போகப் பார்ப்பார்கள். ஒரு மாதத்தில் எல்லாம் கட்டிலுக்கு அடியில் துரு பிடித்துக் கிடக்கும்.

"உங்கண்ணனுக்கு விரல் பத்தும் வேணுமா, வேணாமான்னு கேளு. வேணும்னா அந்த மிஷினுங்க ரெண்டையும் அடிச்சுடச் சொல்லு. முதல்ல கை பழகட்டும்."

"ஆங், வேணும்தான்னு சொல்லு" என்றார் பாவா.

நான் எழுந்துபோய் ஒவ்வொன்றாக எடுத்துவந்து பலகைமேல் வைத்தேன். முதலில் ஒரு டேப். "ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் இந்த ஒண்ணுலயே அளக்கணும். வீட்ல கிடக்கிற தையல் டேப்பத் தொடக் கூடாது." அடுத்தது, மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கிற மூலமட்டம். அதை அப்படியே கொடுத்துவிட முடியாது. ஒரு துண்டுப் பலகையில் வைத்துக் கோடு போட்டேன். மூலமட்டத்தைப் புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால்தான் அது நேர். முதலில் எடுத்த இரண்டு மூலமட்டத்திலும் கோடு விலகியது. மூன்றாவதில் சரியாக விழுந்தது. அதை அவர் பக்கம் தள்ளினேன்.

பாவா தன் மஞ்சள் பையிலிருந்து ஒரு ரம்பத்தை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பல்லும் என் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது.

"அய்யய்யோ, இது வேப்பங்கிளை வெட்டறதாச்சே! எவன் குடுத்தான் இத? பலகை பிஞ்சு போயிருக்குமே!"

"பிஞ்சுதான் போச்சு" என்றார் பாவா மெதுவாக, அம்சாவைப் பார்த்து.

அந்தக் குரல் என்னை என்னவோ செய்தது. எனக்குப் பன்னிரண்டு வயதில் இதே குரலைக் கேட்டிருக்கிறேன். அம்மையார்குப்பத்தில் எங்கள் இரண்டு வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்த காலம். கேரம் போர்டு வாங்கித் தர மாட்டேன் என்று நைனா சொல்லிவிட்டார். பாவாவுக்குப் பதினேழு வயது. "விடுடா, நாமே செய்வோம்" என்று உடைந்த தறிப் பலகையில் ஒரு போர்டு செய்ய இறங்கினோம். இரண்டு பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. நாலு மூலையில் ஒன்று தாழ்ந்து, எந்தக் காயை அடித்தாலும் அங்கேயே சறுக்கியது. "கோணிதான் போச்சு" என்றார், இதே மாதிரி. அப்புறம் அந்தத் தாழ்ந்த மூலையை எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, கோடை விடுமுறை முழுக்க என்னிடம் தோற்றார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நான் நசுங்காமல் இருக்க, மலைப்படி முழுக்க என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியவரும் அவர்தான். மேலே போய் மூச்சு வாங்க உட்கார்ந்து, "இன்னாடா, அரிசி மூட்டையாட்டம் இருக்கே" என்று என் தலையில் குட்டினார். அப்படிப்பட்ட மனிதரோடு ஒரு வரிப் பெயருக்காகப் பதினோரு வருடம்! என்ன புத்தியோ எனக்கு.

வாய் மட்டும் இறங்கி வரவில்லை. பொடிப் பல் ரம்பம் ஒன்றை எடுத்து வைத்தேன்.

"பலகை இன்னா அளவாம்? கிளாம்ப் அதுக்குத் தகுந்த மாதிரி குடுக்கணும்."

"ரெண்டடிக்கு ஒன்றரை அடி. அடியில ரெண்டு கட்டை. நாலு விரல் உசரம் இருந்தா போதும்" என்றார் பாவா.

எனக்குக் கை நின்றுவிட்டது. இரண்டடிக்கு ஒன்றரை அடி, நாலு விரல் உயரம். அது மணை. எங்கள் வீட்டு வழக்கத்தில், முகூர்த்தத்துக்குப் பெண் உட்காருகிற மணையைத் தாய்மாமன்தான் கொண்டுவந்து போட வேண்டும். எல்லாரும் கடையில் வாங்கி வர்ணம் அடித்துக் கொண்டுவருவார்கள். இவர் தன் கையால் செய்கிறார். கூப்பிடாத கல்யாணத்துக்கு.

அம்சாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

உப்புத்தாள் எடுக்கிறேன் என்று உள்ளே போனேன். உப்புத்தாள் வெளியேதான் இருந்தது. உள்ளே பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் நின்று துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது பாவா நான் எடுத்து வைத்திருந்த முக்கால் இஞ்ச் உளியைக் கையில் பிடித்திருந்தார். துண்டுப் பலகையை இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, உளியை அந்தக் கையை நோக்கியே தள்ளிக்கொண்டிருந்தார். புது உளி. கொஞ்சம் வழுக்கினால் கட்டைவிரல் போய்விடும்.

"பாவா! கைய எடு! கைய எடுய்யா! உளிக்கு முன்னாடி எவனாவது கைய வெப்பானா? அறிவு இருக்குதா உனக்கு?"

கத்தல் கேட்டு, ரோட்டில் மலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பாவா உளியைக் கீழே வைத்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பதினோரு வருஷமாச்சுடா கஜபதி, நீ என்னைத் திட்டி" என்றார்.

நான் கல்லாவைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். காயம் எதுவும் இல்லை. ஆனாலும் விடவில்லை. என்னென்னவோ சொல்ல நினைத்தேன். வந்தது இதுதான்.

"ரெண்டு கிளாம்ப் தரேன். பலகைய அதால இறுக்கிப் பிடிச்சுட்டு, ரெண்டு கையும் உளியிலயே இருக்கணும். தெரிஞ்சுதா?"

"ஆங், தெரிஞ்சுது."

"எண்ணெய்க் கல்லு ஒண்ணும் போட்டிருக்கேன். உளிய அப்பப்போ தீட்டிக்கோ. மொண்ணை உளிதான் கைய வெட்டும்."

"சரிடா."

அங்கேயே வைத்து 'கல்யாணத்துக்கு வா' என்று சொல்லியிருப்பேன். அம்சா கையைப் பிடித்து இழுத்தாள். "தாய்மாமனக் கடையில நிக்க வெச்சுக் கூப்பிடுவாங்களா? ஊரு சிரிக்கும்" என்றாள். நியாயம்தான். வீடு தேடிப் போய், தட்டு வைத்து அழைத்தால்தான் அழைப்பு.

"பாவா, நீ வூட்டுக்குப் போ. வேற எங்கயும் போயிடாதே" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. சாமான் பையை எடுத்துக்கொண்டு, அறுபத்திரண்டு வயது மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஷட்டரை இறக்கினேன். வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் தட்டில் அடுக்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் அவர் வீட்டு வாசலில் நின்றோம். பாவா சட்டை மாற்றி, விபூதி பூசி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க வாங்க! இன்னா திடீர்னு இந்தப் பக்கம்?" என்று கேட்டாரே பார்க்கணும்! நடிப்பென்றால் அப்படியொரு நடிப்பு. அம்சா சிரித்தேவிட்டாள்.

அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். நான் உட்காரப் போனபோது, சுவரோரமாகச் சாத்தியிருந்த பலகைகள் கண்ணில் பட்டன. ஐந்தாறு இருக்கும். ஒன்று குறுக்கே பிளந்திருந்தது. ஒன்று கோணலாக அறுபட்டிருந்தது. ஒன்றில் பழுப்பாக ரத்தக்கறை.

"அத ஏன்டா கேக்கறே" என்றாள் அக்கா. "மோகனாவுக்கு நிச்சயம் ஆச்சுன்னு கேட்ட மறுநாளே பலகை வாங்கினாந்துட்டாரு. மூணு மாசமா அறுத்துக்கினு, ஒடச்சுக்கினு, கைய கிழிச்சுக்கினு கிடக்கறாரு. கூப்பிடவே இல்லியே, யாருக்குய்யா செய்யறேன்னு கேட்டேன். 'கூப்பிடாட்டி போறான். முகூர்த்தத்துக்கு முன்னாடி மண்டபத்து வாசப்படியில வெச்சுட்டு வந்துடறேன். எம்பொண்ணு வெறுந்தரையில உக்காரக் கூடாது'ன்னாரு."

முறையாகச் சொல்ல வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். அதற்குப் பதில் தட்டை அம்சாவிடம் கொடுத்துவிட்டுப் பாவா காலில் விழுந்துவிட்டேன்.

"எழுந்திருடா, எழுந்திருடா" என்று அவர் என் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. அவரும் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.