மாடிக்குப் போன நாற்காலிகள்

ஹலினா சேலையூர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து அக்தர் பேகத்துக்கு நெஞ்சு கரித்தது. அதற்கு அவள் வைத்த பெயர் அசிடிட்டி. கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னாள், மாத்திரையும் போட்டுக்கொண்டாள். அறுபது வயதில், பேரன் பேத்தி எடுத்த பிறகு, எனக்குப் பொறாமை என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்ல முடியுமா? வெட்கக்கேடு. ஆனால் அது பொறாமைதான், நாம் மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவள் கணவர் மைதீன் பிச்சை எண்பதுகளில் இன்ஜினியரிங் படிக்கக் கார்கிவ் போனவர். அப்போது அது சோவியத் யூனியன், இப்போது உக்ரைன். ஆறு வருஷம் ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் கியூவில் நின்று, பனியில் வழுக்கி விழுந்து, பட்டத்தோடு திரும்பினார். அடுத்த வருஷமே கல்யாணம். அவர் சொன்ன கார்கிவ் கதைகளில் லெனின் சிலை வந்தது. ஒரே அடுப்பங்கரையில் ஆளுக்கொரு பர்னர் என்று பங்கு பிரித்துக்கொண்டு, உப்பு டப்பாவுக்குக்கூடப் பூட்டுப் போட்டுச் சண்டை பிடித்த குடும்பங்கள் வந்தன. ஹலினா மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை. அக்தரைக் குடைந்தது அதுதான். ஒன்றுமில்லாத சிநேகிதம் என்றால் கதைக்குள் வந்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

ஹலினா அங்கே அவரோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளுடைய மகள் ஒக்சானா, அந்த ஊருக்கு டாக்டர் படிப்புக்கு வந்த தமிழ்ப் பையனைக் கட்டிக்கொண்டு கேளம்பாக்கத்தில் குடியிருக்கிறாள். ஊரில் குண்டு விழுந்ததும் அம்மாவை இங்கே வரவழைத்தாள். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எவனோ ஒரு புண்ணியவான் இதைப் போட்டுவிட்டான். பிச்சை அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு கேளம்பாக்கத்துக்கு ஓடினார். அப்புறமென்ன, வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்தால் அம்மாவும் மகளும் சேலையூரில் விருந்தாளி. பிரியாணி கிளறியது அக்தர். பேச்சும் சிரிப்பும் அவர்களுக்கு.

அவர் அவளைக் கால்யா என்று கூப்பிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவளை முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். இவளுக்கு மட்டும் செல்லப்பெயராம்! போதாததற்கு ஒக்சானா வேறு தன் அரைகுறைத் தமிழில் ஒரு சங்கதியைப் போட்டுடைத்தாள். சண்டை வந்த பிறகு அம்மா ரஷ்ய மொழியை வாயில் வைப்பதே இல்லை, கடைக்காரனாக இருந்தாலும் அக்காவாக இருந்தாலும் உக்ரைன் மொழிதான். உங்கள் வீட்டுக்காரருக்கு உக்ரைன் மொழி தெரியாதே, அதனால் அவரிடம் மட்டும் ரஷ்ய மொழி பேசுகிறாள் என்றாள். மட்டும். அன்றைக்கு அக்தர் இரண்டு மாத்திரை போட்டாள்.

தாம்பரம் மார்க்கெட்டில் நடந்தது இன்னும் மோசம். பிச்சை எங்கே போனாலும் பேன்ட் பாக்கெட்டில் மடித்த வலைப்பை ஒன்று இருக்கும். ஊரெல்லாம் பிளாஸ்டிக் கவர் தொங்கிய காலத்திலும் இருந்தது. மனுஷன் எவ்வளவு சிக்கனம் என்று அக்தர் மெச்சிக்கொண்டிருந்தாள். முருங்கைக்காய்க் கடையில் ஹலினா தன் கைப்பையிலிருந்து அதே மாதிரி வலைப்பையை உருவினாள். அவள் சொல்லச் சொல்லப் பிச்சை தமிழில் சொன்னார். எந்தக் கடையில் எப்போது என்ன வரும் என்று தெரியாத ஊரில், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் வைத்திருப்பார்களாம். சோவியத் உடைந்து, வேலை பார்த்த தொழிற்சாலை சம்பளம் போடாமல் நின்றபோது, இன்ஜினியர் ஹலினா சந்தையில் காலுறை விற்றதும் இந்தப் பையில் வைத்துத்தானாம். கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது. அக்தருக்கும் கலங்கியதுதான், ஆனால் கண் போனதெல்லாம் இரண்டு பைகளும் ஒரே ஜாடையாக இருப்பதன் மேல்.

இதையெல்லாம்கூட விழுங்கியிருப்பாள். விழுங்க முடியாமல் போனது நாற்காலி விஷயம்.

பிச்சைக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் கிளம்பும்போது, எல்லாம் எடுத்து வைத்த பிறகு, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்வார். வேலை விஷயமாகப் பிலாய்க்குப் போனாலும் விசாகப்பட்டினம் போனாலும் அப்படித்தான். பயணத்துக்கான துஆ ஓதுகிறார் என்றுதான் அக்தர் நம்பியிருந்தாள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, "ஷ், வாப்பா ஓதறாங்க" என்று வாயைப் பொத்துவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்ட கையோடு அவர் திருச்சிக்குக் கிளம்பினார். வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தார். ஹலினா சட்டென்று எழுந்து வந்து எதிர் நாற்காலியில் அமர்ந்து, கையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒக்சானாவும் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றது அக்தர் ஒருத்திதான். அவள் வீட்டில் அவளே நிற்கிறாள்.

அவர் போன பிறகு ஒக்சானா விளக்கினாள். அது அவர்கள் ஊர் வழக்கம். உட்கார்ந்துவிட்டுப் போகிறவர் அந்த வீட்டுக்குப் பத்திரமாகத் திரும்பி வருவாராம். குண்டு விழுந்த நாளில் அம்மா உட்கார நேரமில்லாமல் ஓடிவந்துவிட்டாள், இன்னும் அந்த உறுத்தல் தீரவில்லை என்றாள். ஹலினா சிரித்துக்கொண்டே எதையோ சேர்த்துச் சொன்னாள். ஒக்சானா யோசித்து, தயங்கி, மொழிபெயர்த்தாள்: படிப்பு முடிந்து அங்கிருந்து கிளம்பிய அன்று அங்கிள் உட்காரவே இல்லையாம். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டும் நின்றபடியே போய்விட்டாராம். "அதான் வரலை" என்றாள்.

ஆக, இவள் காத்திருந்திருக்கிறாள்! இவரோ அன்றைக்கு உட்காராத பாவத்துக்கு இத்தனை வருஷம் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பரிகாரம் செய்திருக்கிறார். நான் பைத்தியக்காரி மாதிரி பிள்ளைகள் வாயைப் பொத்தியிருக்கிறேன். அக்தருக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

விசா முடிந்து ஹலினா ஊர் திரும்பும் நாள் வந்தது. அக்காக்காரி அங்கே தனியாக இருக்கிறாளாம். டெல்லியில் விமானம் மாறி, உக்ரைனுக்குப் பக்கத்து நாட்டில் இறங்கி ரயிலில் ஊர் சேர வேண்டும், இங்கிலீஷ் தெரியாது, மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை, மகளுக்குக் கைக்குழந்தை. நான் டெல்லி வரை போய் ஏற்றிவிட்டு மறுநாள் வந்துவிடுகிறேன் என்றார் பிச்சை. கேட்கவா வேண்டும்?

அன்று காலை அக்தர் வீட்டு வேலை செய்யும் முனியம்மாவைக் கூப்பிட்டு, ஹாலில் இருந்த நாற்காலி ஸ்டூல் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றச் சொன்னாள்.

"இன்னாம்மா, அல்லாத்தையும் ஏத்தச் சொல்ற? வூட்ல எதுனா விசேஷமா?"

தரையைக் கழுவ வேண்டும் என்றாள் அக்தர். சோபாவைத் தூக்க முடியாதே, அதன் மேல் பிழிந்த ஈரத்துணியைக் குவித்தாள். உட்கார்ந்தால்தானே திரும்பி வருவாள்? உட்காரட்டும் பார்க்கலாம். போயிட்டு வாங்க என்றும் வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது, நல்லபடியா போங்க என்றே வழியனுப்ப வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை வேறு பார்த்துக்கொண்டாள்.

கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் வழியாக டாக்ஸி வந்து நின்றது. ஹலினா சொல்லிக்கொள்ள உள்ளே வந்தாள். ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் பார்த்தாள். ஈரத் துணியைப் பார்த்தாள். முழங்கால் வலிக்காரி, தரையில் உட்கார முடியாது. பிச்சை மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஃப்ளைட்டுக்கு நேரமாகிறது என்று அக்தரே அவர் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்து மூடினாள். ஹலினா அவளைக் கட்டிக்கொண்டாள். நல்லபடியா போங்க என்றாள் அக்தர். டாக்ஸி கிளம்பியது.

ஜெயித்துவிட்டோம் என்று உள்ளே திரும்பினாள். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வெறும் தரை தெரிந்தது.

அவரும் உட்காரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து வெளியூருக்கு ஒரு தடவைகூட அவர் உட்காராமல் இந்த வாசலைத் தாண்டியதில்லை. இன்றைக்குத் தாண்டிவிட்டார், அதுவும் அவளோடு. செய்து வைத்தது வேறு யாருமில்லை, நானேதான். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் தெருவில் ஓடினாள். நல்லவேளை, முனையில் தண்ணீர் லாரி குறுக்கே நின்று டாக்ஸியை மறித்திருந்தது.

"எறங்குங்க, ரெண்டு பேரும். உக்காந்துட்டுப் போங்க."

பிச்சை கண்ணாடியை இறக்கி, நேரமாகிவிட்டது என்றார். அக்தர் அதற்குள் டிரைவர் சவுரிமுத்துவிடம் சொல்லி டிக்கியைத் திறக்கவைத்திருந்தாள். பெட்டிகளைத் தெருவோரம் இறக்கினாள்.

"உக்காராம போனவங்க திரும்ப மாட்டாங்களாமே. அங்கேருந்து அப்படித்தானே வந்தீங்க?"

பிச்சை இறங்கி வந்து தன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அன்னிக்கு வேணும்னேதான் உக்காரல, அக்தர். இங்க உன்னைப் பேசி முடிச்சிருந்தாங்க. உக்காந்தா திரும்பி வந்துடுவேனோன்னு பயம்."

ஹலினா அவர் கையைத் தொட்டு, என்ன சொன்னாய் என்பதுபோல ரஷ்ய மொழியில் கேட்டாள். இத்தனை மாதமும் ஒவ்வொரு வார்த்தையையும் இருவருக்கும் மாற்றி மாற்றிச் சொன்ன மனிதர் இதை மட்டும் சொல்லவில்லை. அக்தருக்கு அந்தப் பதில் பாதி இனித்தது, பாதி கரித்தது. பயந்திருக்கிறார் என்றால் ஆசை இருந்திருக்கிறது. ஆசை இருந்தும் என்னிடம் வந்திருக்கிறார்.

இரண்டு பெட்டிகளையும் ஒட்டிப் போட்டாள். ஹலினாவை ஒரு ஓரத்தில் உட்காரவைத்தாள், அவரை மறு ஓரத்தில். நடுவில் தான் உட்கார்ந்துகொண்டாள். சவுரிமுத்து இன்ஜினை அணைத்தார். ஹலினா ஒரு கையால் கைப்பையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். குண்டு விழுகிற ஊருக்குப் போகிறவளுக்கு ஒரு நாற்காலி போட மனசு வரவில்லையே என்று அப்போதுதான் சுருக்கென்றது. அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

லாரி நகர்ந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

"போயிட்டு வாங்க," என்றாள் அக்தர் ஹலினாவிடம். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க நாளைக்கே வந்துடணும்."