வெட்டுப்பட்ட பதினேழு விடைகள்

இலங்கையில், முள்ளியவளையில் பதினாலு வருடம் ஆங்கிலம் படிப்பித்த பவளராணி, இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்து எட்டு வருடமாகப் படிக்கட்டுத்தான் கழுவுகிறாள். ஐந்து மாடி, லிஃப்ட் இல்லை, மேல்மாடி வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் வாய்க்கு ஓய்வும் இல்லை. இப்போதுதான் ஒரு வழி பிறந்திருக்கிறது. இரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கைப்பை விற்கும் சீனத்துச் சியாவ்லானுக்கு, கப்பலில் வரும் வெள்ளைக்காரரோடு பேரம் பேச ஆங்கிலம் வேண்டுமாம். அந்தத் தெருவில் இன்னும் மூன்று சீனக் கடைக்காரர்களும் சேருவார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் வெள்ளோட்டம். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் கிழமைக்கு நாலு நாள் வகுப்பு. வாளியைத் தூக்கி எறிந்துவிடலாம்.

“என்ன சொல்லிக் குடுக்கப் போறாய்?” என்று கேட்டான் கணவன் இராஜசிங்கம்.

“கெட்.”

“ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு சொல்லோ?”

“அது உங்களைப் போல. எங்கை பாத்தாலும் நிக்கும், என்ன செய்யுதெண்டு மட்டும் ஒருத்தருக்கும் விளங்காது.”



அந்த ஞாயிறு, சியாவ்லான் கடையின் பின்னறையில், கைப்பை மூட்டைகளுக்கு நடுவே, நாலு பேரும் புதுக் கொப்பியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பவளராணி ஆங்கிலத்தில் ஒன்று சொல்வாள். அவர்கள் கைபேசி அகராதியைத் தட்டிப் பார்த்து, இத்தாலியனில் அர்த்தம் சொல்ல வேண்டும்.

“கெட் அ லெட்டர்.”

“கடிதம் கிடைக்கிறது,” என்றாள் சியாவ்லான்.

“கெட் ஹோம்.”

“வீட்டுக்குப் போய்ச் சேருறது,” என்றார் குடை விற்பவர்.

அடடா, என்ன பிள்ளைகள்! எல்லாருக்கும் நாற்பது தாண்டியிருந்தாலும் பிள்ளைகள் பிள்ளைகள்தானே. வாயால் மெச்சினால் தலைக்கனம் வரும் என்பது பவளராணியின் பழைய கொள்கை. அதனால் ஒவ்வொரு விடைக்கும், கோயிலில் நாதஸ்வரம் கேட்பவள் போலத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ரசித்தாள். அவள் ஆட்டியதும் நாலு பேரும் அடிமட்டத்தை வைத்துக் கொப்பியில் நேராக ஒரு கோடு இழுத்தார்கள். விடைக்குக் கீழே கோடு போடுகிறார்கள், என்ன ஒழுங்கு என்று அவளுக்கு மனம் குளிர்ந்தது.

சொற்றொடர்களுக்கு வந்தாள். ‘கெட் கோல்ட் ஃபீட்’ என்றால் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது என்று குடைக்காரர் சொன்னார். ‘கெட் த சாக்’ என்றதும் மூன்று பேர் சாக்கைத் தேடி மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். சியாவ்லான் மட்டும் மெல்லிய குரலில், “வேலை போறது” என்றாள். சும்மா சொல்லக்கூடாது, பவளராணி அதற்கு ஆட்டிய ஆட்டில் கொண்டை ஊசி கழன்று விழுந்தது.

ஆனால் போகப்போக அவர்களின் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் சியாவ்லான் பேனையை வைத்துவிட்டு, டீச்சரை இத்தாலியனில் கூப்பிட்டாள்.

“மயெஸ்த்ரா, இந்தச் சொல்லுக்கு உண்மையாவே ஏதாவது அர்த்தம் இருக்கோ?”

கொப்பியைத் திருப்பிக் காட்டினாள். பதினேழு விடைகள். ஒவ்வொன்றின் நெஞ்சுக்கு நடுவாலும் ஒரு கோடு.

“என்ர கடவுளே, எல்லாம் சரிதானே! ஏன் வெட்டினீங்கள்?”

சியாவ்லான் எழுந்து நின்று, அச்சு அசலாக அவளைப் போலவே தலையை ஆட்டிக் காட்டினாள். “நீங்கள்தானே ஒவ்வொருக்காலும் பிழை, பிழை எண்டனீங்கள்.”

“கோதாரி விழுந்த தலை! எங்கட ஆக்களுக்கு இதுதான் ஓம். சரி எண்டாலும் இதுதான், நல்லாயிருக்கு எண்டாலும் இதுதான்.” சொல்லும்போதே பாழாய்ப்போன தலை தன்பாட்டுக்கு ஆடியது.

ஒருவரும் சிரிக்கவில்லை. நேரமும் முடிந்துவிட்டது. நாலு பேரும் தங்கள் மொழியில் கடகடவென்று கதைத்தார்கள். ஒரு மணித்தியாலத்தை மண்ணாக்கிவிட்டேனே என்று பவளராணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் கேட்டாள்.

“அப்ப, நாளைக்கு வரட்டோ?”

நாலு பேரும் மிகவும் கவனமாக, ஒரே நேரத்தில், தலையை இடமும் வலமும் ஆட்டினார்கள்.

முடிந்தது கதை. பவளராணி பையை எடுத்துக்கொண்டாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாலும் கண் நிறைந்துவிட்டது. நாளைக்கு விடிந்தால் அதே ஐந்து மாடி, அதே வாளி, அதே சிஞ்ஞோரா. கதவில் கை வைத்தபோது சியாவ்லான் ஓடிவந்து மறித்தாள்.

“மயெஸ்த்ரா, எங்கை போறீங்கள்? பிழையா ஆட்டிப்போட்டமோ?”

பவளராணிக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு கன்னத்தில் கண்ணீர் வழிய வழியத் தலையை ஆட்டினாள். நாலு பேரில் ஒருவரும் அடிமட்டத்தைத் தொடவில்லை.