காரணம்: பாதை

எனக்கு அப்போது பதினெட்டு வயது. வாய்க்கு மட்டும் நாற்பது வயது. அறுபத்தொன்பதாம் ஆண்டு அப்பாவுக்குத் துறைமுகக் கந்தோருக்கு மாற்றம் கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரையிலுள்ள ஓர்ஸ் ஹில்லுக்கு வந்தோம். வந்த மூன்றாம் மாதமே என்னை மாணவ தலைவி ஆக்கிவிட்டார்கள். காலையில் மணி அடித்ததும் வாசலில் நின்று, பிந்தி வருகிறவர்களின் பெயரையும் காரணத்தையும் கொப்பியில் எழுதுவது என் வேலை. அதை எவ்வளவு ஆசையாகச் செய்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

முதல் கிழமை ஐந்து நாளும் ஒரே பெயர். ரபீக்கா, பத்தாம் வகுப்பு, கிண்ணியா.

"காரணம்?" என்றேன்.

"பாதை, அக்கா."

"பாதைக்கு என்ன? அது எழும்பி நடந்து போட்டுதோ?"

"ஓம் அக்கா. நான் வரக்குள்ள அது அந்தக் கரைக்குப் போயிட்டு."

எனக்கே பகிடி விடுகிறாளா! பத்து நிமிடம் வெயிலில் நிற்க வைத்தேன். பிறகுதான் நல்லம்மா ரீச்சர் சிரித்துச் சிரித்து விளக்கினார். பஸ், லொறி, மாட்டுவண்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிண்ணியாவிலிருந்து தண்ணீரைக் கடக்கிற தட்டைப் படகுக்கு இந்தப் பக்கத்தில் பாதை என்றுதான் பெயராம். அதில் வேலை செய்கிற அலியார்தான் ரபீக்காவின் வாப்பா.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அங்கே அவள் மரத்தடியில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அது எழும்பி நடந்து போட்டுதோ?" என்று கூட்டாளிகளுக்கு என்னை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என் இழுவை, என் மூக்கு விடைப்பு, எல்லாம் அச்சு அசல். கோபத்தில் எனக்குக் காது சுட்டது. அடுத்த நிமிடம் நானே சிரித்துவிட்டேன். இந்த வாயைச் சும்மா விடலாமா? மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு அன்றைக்கே அவள் பெயரைக் கொடுத்தேன்.

மறுநாள் அவள் முகம் சுருங்கி வந்தாள்.

"வாப்பா முடிவாச் சொல்லிட்டார் அக்கா. பரிசு எடுத்தா பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஏ.எல். படிக்கட்டாம். இல்லாட்டி பத்தாம் வகுப்போட வீட்டில நிக்கட்டாம்."

"எடுப்பாய். நான் விடமாட்டன்," என்றேன்.

மூன்று கிழமை, இடைவேளை எல்லாம் பயிற்சி. "கையை ஆட்டாதை! கண்ணை நிலத்திலை புதையாதை!" தலைப்பை மேடையில் வைத்துத்தான் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள் என்பதால், எந்தத் தலைப்புக்கும் பொருந்தும்படி அறிவுச் சுடர், இருள் நீக்கும் கல்வி என்று பெரிய பெரிய சொற்களாக அவளுக்குள் அடைத்தேன். அவளும் பாவம், விழுங்கிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாம் வரிசையில் வெள்ளைத் தொப்பியுடன் அலியார். நடுவர் குணரத்தினம் சீட்டைப் பிரித்து வாசித்தார்: "பாதையில் தடைகள்." எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். வாழ்க்கைப் பாதை! இதற்கென்றே செய்து வைத்த பேச்சு அவளிடம் இருந்தது.

ரபீக்கா ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நிமிர்ந்து நின்றாள்.

"பெரியோர்களே, பாதையில முதல் தடை லொறி."

ஐயோ கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"லொறி முதல்ல ஏறும். பிறகு நெல்லு வண்டி. பிறகு மாடு. மாடு ஏறின பிறகு இடம் இருந்தாத்தான் பள்ளிக்கூடப் புள்ளைகள். என்னோட இந்தக் கரைக்குப் படிக்க வந்தவங்க ஒம்பது பேர். நாளும் பிந்தி, நாளும் ஏச்சு வாங்கி, எல்லாரும் நிண்டுட்டாங்க. அவங்களுக்கு மூளை இல்லாம இல்ல. மாட்டுக்குப் பிறகு ஏறச் சொன்னதால."

பிந்தி வந்ததற்கு அவளை வெயிலில் நிற்க வைத்தவள் நான்தானே.

குணரத்தினம் மேசை மணியைத் தட்டினார். "பிள்ளை, பாதை எண்டால் றோட்டு. தலைப்பு அதுதான்."

"ஐயா, எங்கட றோட்டு தண்ணிக்குள்ள போய் முடிஞ்சிரிக்கி. அதுக்கு அங்கால பாதைதான்."

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. அதோடு விட்டாளா? "ஆரு அந்தப் பாதைக்காரர் எண்டு கேக்காதீங்க. மூண்டாம் வரிசையில, வெள்ளைத் தொப்பியோட இரிக்கார்."

அத்தனை தலைகளும் திரும்பின. அலியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

தலைப்பை விட்டு விலகியதால் பரிசு இல்லை என்று அறிவித்தார்கள். "வா புள்ள, போவம்," என்று மட்டும் சொல்லி அலியார் அவளை அழைத்துப் போனார்.

ஞாயிறு பூசையில் நான் அழுத அழுகையைப் பார்த்து, அம்மா எனக்குப் பக்தி கூடிவிட்டது என்று நினைத்தார். மூன்று கிழமை அவளுக்குச் சொல் சொல்லாகக் கொடுத்தேனே தவிர, உனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒருதரம் கேட்டேனா? கேட்டிருந்தால் பாதை எது, றோட்டு எது என்றாவது முன்கூட்டியே பேசியிருப்போம். என் அவசரப் புத்தியால் ஒரு பிள்ளையின் படிப்பே போய்விட்டது.

திங்கட்கிழமை கால் நகரவில்லை. வழியிலேயே மணி அடித்துவிட்டது. வாசலுக்கு வந்தால், என் இடத்தில், என் கொப்பியோடு ரபீக்கா நிற்கிறாள்!

"இண்டைக்கு எல்லாருக்கும் முந்தி வந்தது நான்தான் அக்கா. நல்லம்மா ரீச்சர் கொப்பியைத் தந்துட்டா."

"எப்பிடியடி?"

"விடிய வாப்பா லொறிக்காரரப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார். 'என்ட மகள் மேடையில ஏறிச் சொல்லிட்டா, இனிப் பள்ளிக்கூடப் புள்ளைகள்தான் முதல்' எண்டார். நிண்டுபோன ஒம்பது பேர்ல நாலு பேர் இண்டைக்கு வந்திரிக்காங்க."

"ஏ.எல்.?"

அவள் வாப்பாவின் குரலிலேயே சொன்னாள்: "'உன்ட வாய்க்கு நம்மட வீடு போதாது புள்ள. போய்ப் படி.'"

அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். மாணவ தலைவி சுற்றக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை. அவளோ என்னைத் தள்ளிவிட்டு, பென்சிலை எடுத்து, என்னைப் போலவே மூக்கை விடைத்துக் காட்டினாள்.

"பெயர்?"

"கிறேஸ் அல்பிரட்."

"காரணம்?"

"எழுதடி," என்றேன், "பாதை எண்டு."