எட்டு நாள் அரிசி

கடலிலேயே குடியிருக்கிறார்கள் என்று கரையில் இருப்பவர்களுக்கெல்லாம் அவர்கள்மேல் பொறாமை. ஒரு வாரம் வந்து துணி துவைத்துப் பார்த்தால் தெரியும். முப்பத்தாறு அடிப் பாய்மரப் படகு. குளிக்க ஒரு செம்பு நல்ல தண்ணீர். தலையணைகூட உப்பில் பிசுபிசுக்கும். கடல் ஆடும்போது சமைக்க வேண்டுமென்றால் இடுப்பில் வார் போட்டுத் தன்னை அடுப்படியோடு கட்டிக்கொள்ள வேண்டும். நாலு வருஷமாக அவளுக்கு இதுதான் குடித்தனம். எல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற கணவரின் கனவு. அவர் கனவு கண்டார், அவள் பாத்திரம் கழுவினாள்.

"போதும்" என்று சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டை விற்றுப் படகு வாங்கிய மனுஷர், அந்த ஒரு வார்த்தையில் நொறுங்கிப்போவார் என்று பயந்தாள்.

இந்தத் தீவில் நங்கூரம் போட்டு ஏழு வாரம் ஆகிறது. இன்ஜினைக் குளிரவைக்கும் பம்பின் ரப்பர் சக்கரம் கிழிந்துவிட்டது. இன்ஜின் இல்லாமல் பாறைகளுக்கு நடுவே வெளியேற முடியாது. புதுச் சக்கரம் பார்சலில் வர வேண்டும். அவரும் தினமும் தபால் ஆபீஸ் போய் வெறுங்கையோடு திரும்பினார். அது வந்துவிட்டால் அடுத்த தீவுக்கு எட்டு நாள் கடல், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாற்றி அரைகுறைத் தூக்கம். வரவே கூடாது என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

அன்று காலை அரிசியில் வண்டு கிடந்தது. பயணத்துக்கென்று மூடி இறுக்கி வைத்திருந்த டின்னையும் சந்தேகத்தில் திறந்து, மேல்தளத்தில் துணி விரித்துக் கொட்டினாள். அரிசியோடு ஒரு பிளாஸ்டிக் பையும் விழுந்தது. உள்ளே புத்தம்புது ரப்பர் சக்கரம், கூடவே தபால் ஆபீஸில் பார்சலைப் பெற்றுக்கொண்ட சீட்டு. தேதி ஐந்து வாரத்துக்கு முந்தையது.

கிளம்பும் வரைக்கும் அந்த டின்னை யாரும் தொடமாட்டார்கள் என்று வாத்தியார் கணக்குப் போட்டிருக்கிறார். வண்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அவர் கரையிலிருந்து வந்து ஏறினார். "இன்னைக்கும் வரலைம்மா" என்றவர், விரிப்பைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"முடியலை. முதுகு போச்சு, தூக்கம் போச்சு. வீட்டை வித்து உன்னை இழுத்துட்டு வந்தவன் நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நானே போதும்னு சொல்றது? நீ வேற ஒரு நாளும் முகம் சுளிக்கலை."

அவளுக்கு இரக்கம் வரவில்லை. நாலு வருஷக் கோபம்தான் வந்தது.

"எப்பலேர்ந்து முடியலை?"

"ரெண்டாவது தீவுலேர்ந்து."

அவள் விரல்விட்டு எண்ணினாள். இது பதினோராவது தீவு.

"எனக்கு முதல் தீவுலயே முடியலை. அப்போ இத்தனையும் யாருக்காகங்க சுத்தினோம்?"

அவள் அரிசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டிய மட்டும் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சக்கரத்தை அவர் மடியில் வைத்தாள்.

"மாட்டுங்க. ஓடாத இன்ஜினோட இந்தப் படகை யார் வாங்குவா?"